டிவிக்கு மேலே மாட்டிய படிவம்

“காலேஜ் வரிக்கும் பட்ச்சிட்டு, வேலைல கீறியா இல்லியான்னே உனக்குத் தெர்லியா?” என்று கேட்டான் அண்ணன். அவன் காசிமேட்டில் மீன் ஏற்றும் ஆட்டோ ஓட்டுகிறான். அம்மாவின் முட்டிவலிக்கு நல்ல வைத்தியம் பார்க்க, ஊழியர்களுக்குத் தரும் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டு அட்டையில் என்னோடு அவள் பெயரையும் சேர்க்கச் சொல்லியிருந்தான். எனக்கு அப்படி ஓர் அட்டையே இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான் மட்டும்தான். எண்ணூரில் ஒரு தொழிற்சாலைக்குக் குழாய் வரைபடங்கள் போடுகிறேன், ஓர் ஒப்பந்தக் கம்பெனி மூலமாக. சேரும்போது தந்த காகிதத்தில் ‘ஆலோசகர்’ என்றிருந்தது. தருவது சம்பளமில்லை, ‘தொழில்முறைக் கட்டணம்’. டாக்டருக்கும் வக்கீலுக்கும் சொல்வதுபோல இருந்ததால் பெருமையோடு கையெழுத்துப் போட்டேன். வருடம் முடிந்ததும், வரி பிடித்ததற்கு ஒரு படிவம் வந்தது. இறால் உரித்துவிட்டு வந்த அம்மா அதைச் சம்பளச் சான்றிதழ் என்று நினைத்து, லேமினேட் செய்து, டிவிக்கு மேலே மாட்டிவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அதைக் கழற்றிக்கொண்டு ராயபுரத்தில் வரிக்கணக்கு எழுதித் தருபவரிடம் போனேன். இது சம்பளக்காரர்களுக்குத் தரும் படிவம் இல்லை, இதன்படி நீங்கள் சொந்தத் தொழில் செய்பவர் என்றார். பிடித்த வரி முழுக்கத் திரும்பி வரும் என்று சந்தோஷமாக வேறு சொன்னார்.

வீட்டில் சொன்னதும் அண்ணன் சிரித்தான்.

“சொந்தத் தொயிலுன்னா என்னுது. நாளிக்கு வண்டி எடுக்கலன்னா எவனையும் கேக்க வேணாம். நீ?”

நான் ஒன்பது மணிக்கு மிஷினில் விரல் வைக்க வேண்டும். விடுப்புக்கு மேலாளரிடம் எழுதித் தர வேண்டும். கம்ப்யூட்டர் அவர்களுடையது. வெளியே வேறு வேலை எடுக்கக் கூடாது என்றும் சேரும்போது தந்த காகிதத்திலேயே இருந்தது.

இதையெல்லாம் கேட்டால் வேலை போய்விடும் என்று அம்மா பயந்தாள். “எனக்கோசரம் வம்பு வாணாம்மா. தைலம் கீது, போதும்” என்றபடி சுவரைப் பிடித்து எழுந்தாள். நிமிர அவளுக்கு வெகுநேரம் ஆனது. அண்ணன் என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவன் கிண்டல் பண்ணவில்லை.

என்னை ஊழியராகப் பதிவு செய்யுங்கள் என்று அன்று மாலையே ஒரு மனு எழுதினேன். விடுப்புக் கடிதங்களையும் வருகைப் பதிவையும் நகலெடுத்து அதோடு இணைத்தேன். மறுநாள் கம்பெனியில் ஒன்றும் ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் ஒன்றுமாகக் கொடுத்து, இரண்டு இடத்திலும் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிட்டேன்.