கயிறு கேட்டவளுக்குக் கிடைத்த வேதாந்தம்

அறுபதுகளின் கடைசியில் மத்திகிரி மாட்டுப்பண்ணையில் நான் குமாஸ்தாவாக இருந்தபோது எங்களுக்கு ஒரு மேலாளர் வாய்த்திருந்தார். நெற்றி நிறைய விபூதி, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. குறை சொல்ல யார் வந்தாலும் கண்ணை மூடிக்கொள்வார். காபி டம்ளர் சத்தம் கேட்டால்தான் அந்தக் கண் திறக்கும்.

ஒருநாள் தொழுவத்தில் வேலை செய்யும் பெண் ஒருத்தி நொண்டியபடி வந்தாள்.

"கயிறு நைஞ்சு கெடக்குதுன்னு அன்னைக்கே சொன்னேன் சாமி. காளை அத்துக்கினு வந்து முட்டிடுச்சு. புதுக் கயிறு வாங்கிக் குடுங்க."

"முட்டினது காளை இல்லம்மா, உன் பூர்வகர்மா. வலிக்குதுங்கறியே, யாருக்கு வலிக்குது? அதை உள்ளே தேடிப் பாரு" என்றார், கண்ணைத் திறக்காமலே.

அவள் எதையும் தேடவில்லை. சாணி அள்ளப் போய்விட்டாள்.

அடுத்த வாரமே அந்தக் காளை மறுபடி கயிற்றை அறுத்துக்கொண்டு நேராக ஆபீசுக்குள் வந்தது. நம் பரப்பிரம்மம் மேஜைமேல் ஏறி நின்று, "ஐயோ, புடிங்க!" என்று அலறியது. அவள்தான் நொண்டிக்கொண்டே ஓடி வந்து காளையை மடக்கிப் பிடித்தாள்.

"எறங்குங்க சாமி. பயந்தது யாருன்னு உள்ள கொஞ்சம் தேடிப் பாருங்க" என்றாள்.

காபி வராமலே அவர் கண் திறந்த நாள் அது ஒன்றுதான். சாயங்காலத்துக்குள் எல்லா மாடுகளுக்கும் புதுக் கயிறு வந்துவிட்டது.