பெரட்டுக் குணாவின் கடைசிப் பாட்டு

முரளி தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் ஒரு பெரியவருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தேன். பாதித் தலை முடிந்திருந்தது. "அக்கா, குணா போயிட்டான்" என்றான். அப்புறம் ஆஸ்பத்திரியில் யாரோ மலாயில் அறிவிப்புச் செய்யும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டு மறுபாதித் தலையையும் வெட்டி முடித்தேன். ஒரு மனிதரைப் பாதித் தலையோடு தெருவில் விடவா முடியும்? அவர் போன பிறகு கடைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, குணா வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன்.

குணாளனை உங்களில் பலருக்குப் பெரட்டுக் குணாவாகத் தெரியும். எனக்கு அவன் முதலில் ஏர்கோன் குணா. ஈப்போ பக்கம் புந்தோங்கில் என் கடை ஏர்கோன் தண்ணீர் சொட்டுகிறது என்று கூப்பிட்டதில் வந்தவன். பழுது பார்த்து முடித்ததும் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "அக்கா, ரெண்டு பக்கமும் மழிச்சிட்டு நடுவுல மட்டும் நட்டுக்கிட்டு நிக்கணும். முடியுமா?" என்று கேட்டான். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. "பொண்ணு கிடைக்காதுடா" என்றேன். "கிடைக்கலன்னா பரவால்ல லா" என்றான். மற்ற கடைக்காரர்கள் எல்லாம் அவனைத் திட்டி அனுப்பியிருந்தார்கள். அன்றிலிருந்து அந்தத் தலை என் பொறுப்பானது. பச்சைச் சாயம் நான்தான் அடித்தேன். வேலைக்குப் போகும்போது அதைத் தொப்பிக்குள் அமுக்கிக்கொண்டு, அடுத்தவர் வீட்டுச் சுவரில் ஏணி போட்டு உச்சி வெயிலில் நிற்பான். "ஊருக்கெல்லாம் குளிரு, நமக்கு ஏணி" என்பது அவன் அடிக்கடி சொல்வது. சிரித்துக்கொண்டேதான் சொல்வான். வெயிலுக்குப் பழகிய உடம்பு என்று அவனும் நம்பினான், நாங்களும் நம்பினோம்.

பங்க் இசை என்றால் எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. முதல்முறை குணாவும் அவன் குழுவும் பாடியதைக் கேட்டபோது யாரோ தகரக் கூரையைப் பிரிக்கிறார்கள் என்று நினைத்தேன். "ஏண்டா இப்படிக் கத்துறீங்க?" என்று கேட்டேன். அவன் கோபப்படவில்லை. "வாசிக்கத் தெரியாதவனுக்கும் கோவம் வரும்லக்கா. அவனுக்கு ஒரு இசை வேணாமா?" என்றான். அதற்குப் பிறகு நான் அவர்கள் பாட்டைக் குறை சொன்னதில்லை. பிடித்தது என்றும் சொன்னதில்லை.

அவன் குழுவுக்குப் 'பெரட்டு' என்று பெயர் வைத்ததன் காரணம் எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும். ரப்பர்த் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அதுதான் பெரட்டு. பேர் கூப்பிட்டபோது இல்லாதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. குணா பிறந்த தோட்டம் கோலா கங்சார் போகும் பாதையில், உள்ளே தள்ளி இருந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளையும் இடித்தார்கள். குடும்பங்கள் ஈப்போவுக்கும் பீடோருக்கும் சிதறிப்போயின. அவனுடைய எல்லா நிகழ்ச்சியிலும் கடைசிப் பாட்டு ஒன்றுதான். அந்தத் தோட்டத்து ஆட்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கத்துவான். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டம் "இருக்கேன்" என்று திருப்பிக் கத்தும். தமிழே தெரியாத மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும்கூடத் தொண்டை கிழிய "இருக்கேன்" என்பார்கள். செத்துப்போனவர்களின் பெயர்களும் அதில் உண்டு. அவன் அப்பா பெயரும் உண்டு.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் குணாவின் கடைசி நிகழ்ச்சி நடந்த நாளைச் சொல்ல முடியாது. அவர் தோட்டத்து முனியாண்டி கோயிலில் சாமி ஆடியவர். அவர் போன பிறகு அந்தக் குடும்பத்தில் யார் மேலும் அருள் வரவில்லை. அவன் அம்மா பாப்பம்மாவுக்கு அது தீராத குறை. மகன் மேல் வரும், வரும் என்று வருஷாவருஷம் திருவிழாவில் காத்து நிற்பார். குணா கைகட்டி நின்றுவிட்டுத் திரும்பிவிடுவான். "சாமிக்கு என் பாட்டு பிடிக்கலம்மா, நான் என்னா செய்ய" என்று கேலி பேசுவான். அந்தக் கோயிலில் உருமி அடிப்பவன் முரளி. குணாவோடு ஒரே லயத்தில் பிறந்தவன். பெரட்டுக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவனும் அவனே.

பல ஊர்ப் பங்க் குழுக்கள் கூடும் விழா ஒன்றை அந்தப் பழைய தோட்டத் திடலில்தான் நடத்த வேண்டும் என்று குணா ஒற்றைக்காலில் நின்றான். "நம்ம பேரக் கூப்பிட்ட எடத்துல நின்னு நாமளே கூப்பிடணும்க்கா" என்றான். சுற்றிலும் செம்பனை. மிச்சம் இருந்தது திடலும் கோயிலும் மட்டும். ரப்பர் மரங்கள் இருந்த காலத்தில் திடலோரம் நிழல் இருக்கும். இப்போது ஒரு பொட்டு நிழல் இல்லை. நிறுத்தி வைத்த லோரியின் முதுகுதான் மேடை, அதற்கு மேலே தகரம். பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் கறுப்புச் சட்டையும் பூட்ஸுமாக வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். மண்பாதை நெடுக மோட்டார் சைக்கிள்கள். பத்து மணிக்கே மண்ணிலிருந்து அனல் அடித்தது. பழைய தோட்டத்துப் பெண்கள் சிலர் பாப்பம்மாவோடு வந்து கோயில் வாசலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

என்னை அவன் அழைத்தது பாட்டுக் கேட்க இல்லை. "தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுறோம்ல, அதே மாதிரி இங்கயும் வேணும். என் விழாவுல ஒருத்தனும் தாகத்தோட நிக்கக் கூடாது" என்றான். மோரும் ரோஸ் சிராப்பும் கலக்கி வைத்தேன். விடிந்ததிலிருந்து தண்ணீர்ப் பீப்பாய்களை அவனே தூக்கி வந்து இறக்கினான், அதுவும் ஆணி பதித்த அந்தத் தோல் ஜாக்கெட்டோடு. "கழட்டித் தொலைடா, பாக்கவே எனக்கு வேகுது" என்றேன். "பூசாரி வேட்டிய கழட்டுவாராக்கா?" என்றான். கொண்டுவந்த ஒரு பீப்பாயிலிருந்தும் அவன் ஒரு டம்ளர் குடித்ததை நான் பார்க்கவில்லை. கூப்பிட்டால், "மொதல்ல வந்தவங்களுக்குக் குடுங்க" என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான்.

பெரட்டு மேடை ஏறியபோது வெயில் நேர் உச்சியில் நின்றது. கீழே பிள்ளைகள் ஒருவரை ஒருவர் முட்டி மோதி, புழுதி கிளப்பி ஆடினார்கள். கடைசிப் பாட்டு வந்தது. குணா நாலைந்து பெயர்களைக் கத்தினான். அப்புறம் சொன்ன பெயரையே திரும்பச் சொன்னான். வார்த்தை குழறியது. லோரியிலிருந்து இறங்கிக் கூட்டத்துக்குள் தள்ளாடி வந்தான். கண் மேலே செருகியிருந்தது, உடம்பு உதறியது. அவன் நின்றது கோயிலுக்கு நேர் எதிரில். பாப்பம்மா பொங்கல் பானையை விட்டுவிட்டு ஓடி வந்தார். இத்தனை வருஷம் காத்திருந்த முகம் அது. இரண்டு கையையும் விரித்து எல்லாரையும் தடுத்தார். "யாரும் தொடாதீங்க. முனியாண்டி வந்திருக்காரு. முரளி, மேளத்த நிறுத்தாதே."

மேளத்தை நிறுத்தாதே என்பது நம்மில் எல்லாருக்கும் தெரிந்த முறை. அருள் வந்தவர் ஆடிக்கொண்டிருக்கும்போது உருமி ஓயக் கூடாது. சாமி தானாக மலையேறும் வரை அடிக்க வேண்டும். நடுவில் நின்றால் ஆடுபவருக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்து முரளியின் கையில் ஊறிப்போன பாடம் அது. அவன் டிரம்ஸை விட்டு எழுந்திருக்கவில்லை, பாட்டின் அடியை உருமி அடியாக மாற்றினான். பெண்கள் கற்பூரம் ஏற்றினார்கள். யாரோ எலுமிச்சம்பழத்தைக் குணாவின் கையில் திணித்தார்கள். பழம் நழுவி விழுந்தது. முகத்தில் வளையம் குத்திய ஒரு மலாய்ப் பெண், "பாங், டியா சாகிட் கே?" என்று பக்கத்தில் நின்ற ஒரு தமிழ்ப் பையனிடம் பதறிப்போய்க் கேட்டாள், உடம்புக்கு முடியவில்லையா என்று. அவன் "சாமி" என்று கைகூப்பிக் காட்டினான். அவளும் கைகூப்பிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். காலையிலிருந்து முட்டி மோதிக்கொண்டிருந்த அத்தனை பேரும் மரியாதையாக விலகி வட்டமாக நின்றார்கள். அந்த மரியாதையை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

நான் பந்தலிலிருந்து பார்த்தேன். அருள் வந்து ஆடுபவர்களை வருஷம் முழுக்கப் பார்க்கிறவள் நான். அவர்களுக்கு வேர்த்துக் கொட்டும், வேட்டி நனைந்து உடம்போடு ஒட்டும். இவன் முகம் செங்கல் மாதிரிக் காய்ந்து கிடந்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவன் கையைப் பிடித்தேன். ஒரு சொட்டு வேர்வை இல்லை. வெயிலில் கிடந்த தகரத்தைத் தொட்டது போலச் சுட்டது. "சாமி இல்ல, தண்ணி கொண்டாங்க" என்று நான் கத்தியபோது அவன் என் மேலேயே சரிந்தான். அப்போதுதான் மேளம் நின்றது. சிராப்புக்கு வைத்திருந்த ஐஸ் முழுவதையும் அவன் மேல் கொட்டினோம். ஜாக்கெட்டைக் கத்தரியால் வெட்டி எடுத்தேன். மண்பாதையை அடைத்திருந்த மோட்டார் சைக்கிள்களை ஒவ்வொன்றாக நகர்த்தி வண்டியை வெளியே எடுப்பதற்குள் நேரம் போய்விட்டது. ஈப்போ ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்தான். உடம்புச் சூடு மூளை வரைக்கும் போய்விட்டது என்றார் டாக்டர்.

அதற்குப் பிறகு நீங்கள் பேசிய பேச்சு எனக்குத் தெரியும். கைப்பேசிக் குழுக்களில் எழுதியதும் தெரியும். கண்ணெதிரில் நண்பன் சாகிறான், இவன் நிறுத்தாமல் கொட்டு அடித்தான் என்று முரளியை வாய்க்கு வந்தபடி ஏசினீர்கள். முரளி ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. யார் நிறுத்தாதே என்று சொன்னது என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லாரும் வாயை மூடியிருப்பீர்கள். ஆனால் பாப்பம்மா வருகிறவர்களிடமெல்லாம், "என் புள்ள மேல சாமி வந்துச்சு, அப்படியே கூட்டிக்கிட்டுப் போயிருச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு ஆறுதலைப் பிடித்துக்கொண்டுதான் அவர் சோறு தின்றார். அதைப் பிடுங்க முரளிக்கு மனம் வரவில்லை. பழியைத் தானே சுமந்துகொண்டான்.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று தலைவார என்னைக் கூப்பிட்டார்கள். எண்ணெய் வைத்துப் படிய வாரிவிடு என்றார் பாப்பம்மா. வாரினேன். ஆஸ்பத்திரியில் வெளுத்தது போக மிச்சமிருந்த பச்சை சீப்பில் ஒட்டியது. அவர் மகனின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்திருந்தார். அறையில் வேறு யாரும் இல்லை.

"சாந்தி, அன்னிக்கு மொதல்ல தொட்டவ நீதானே?"

"ஆமாம்மா."

"வேர்வ இருந்துச்சா?"

சாமியாடியோடு குடும்பம் நடத்தியவர். ஆடி முடித்த கணவனை எத்தனையோ முறை முந்தானையால் துடைத்துவிட்டவர். அவருக்கு நான் என்ன பொய்யைச் சொல்வது?

"இல்லம்மா. காஞ்சு கெடந்துச்சு."

அவர் அழவில்லை. நெடுநேரம் அந்தக் கையையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "முடிய பழையபடி நிக்க வை. இது என் புள்ள மாதிரி இல்ல" என்றார். எண்ணெயைக் கழுவிவிட்டு நிமிர்த்தி வைத்தேன்.

முரளி வாசலுக்கு வெளியே, வெறுங்கையோடு நின்றான். பாப்பம்மா ஆளனுப்பி அவன் உருமியை எடுத்துவரச் சொன்னார். "மேளம் இல்லாம என் புள்ள போவக் கூடாது." அவன் குனிந்த தலை நிமிராமல் அடித்தான். தெருமுனை வந்தது. பெண்கள் திரும்பிப் போக வேண்டிய இடம். உடலை வண்டியில் ஏற்றினார்கள், கதவைச் சாத்தினார்கள். மேளம் நிற்க வேண்டும். நிற்கவில்லை. முரளி அடித்துக்கொண்டே இருந்தான். சடங்கு செய்த பண்டாரம் நிறுத்தச் சொன்னார், பெரியவர்கள் சொன்னார்கள், அவன் காதில் ஏறவில்லை. விரலில் தோல் உரிந்துவிட்டது. நிறுத்தினால் இன்னொரு முறை எதுவோ ஆகிவிடும் என்று பயந்தவன் போல அடித்தான்.

பாப்பம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், உருமித் தோலின் மேல் தன் உள்ளங்கையை வைத்தார். சத்தம் அடங்கியது.

"அன்னிக்கு நிறுத்தாதேன்னு சொன்னவ நான்தான்யா. ஒன் மேல தப்பு இல்ல. இப்பவும் நானே சொல்றேன். போதும், நிறுத்து."

முரளி உருமியோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். அவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி புறப்பட்டுப் போனது.

அன்று அந்தத் தெருமுனையில் இல்லாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முரளியை ஏசியவர்கள் இனி அவன் வீட்டுக்குப் போய் அவன் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். பாப்பம்மாவை ஏச யாராவது வாயெடுத்தால் என் கடைப் பக்கம் வர வேண்டாம். குணா, உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது பச்சை ஒட்டிய ஒரு சீப்பும், உள்ளங்கையில் இன்னும் ஆறாத அந்தக் காய்ந்த சூடும்தான். இந்த வருஷத் திருவிழாவுக்கும் தண்ணீர்ப் பந்தல் போடுவேன். யார் மேல் அருள் வந்து ஆடினாலும் முதலில் போய் அவர்கள் கையைத் தொட்டுப் பார்ப்பேன். சாமி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.