சொல்லி எழுதிய கணக்கு

மணிகண்டபிரபுவுக்குக் கணக்கு நன்றாக வரும். சங்கரன்கோவில் பக்கம் அவன் படித்த பள்ளிக்கூடத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்டவன் பன்னிரண்டாம் வகுப்பில் மற்ற எல்லாப் பாடத்தையும் எழுதித் தேறிவிட்டு, கணக்குப் பரீட்சை அன்று மட்டும் உடம்பெல்லாம் அம்மை போட்டு வேப்பிலைக்கு நடுவில் கிடந்தான். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்ட மறுவாரமே ஒரகடம் கம்பெனிகளுக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்டு ஊருக்கு வந்துவிட்டார். பத்தாவது பாஸ் போதும், கம்பெனி பஸ் உண்டு, கேண்டீன் உண்டு என்றார். கணக்கு எங்கே போகப்போகிறது, அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். அவனுடைய அம்மா கோவிந்தம்மா பஸ் ஸ்டாண்டு வரை வந்து, "அடுத்த வருசமாவது எழுதிப்போடுல" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் ஓவர்டைமில் போயின. கார் உதிரிபாகம் செய்கிற அந்தக் கம்பெனியில் அவனுக்கு பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை உள்ளே வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், இரண்டு பட்டனையும் சேர்த்து அழுத்த வேண்டும். மேலேயிருந்து இறங்கும் இரும்பு, அந்தத் தகட்டைக் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி வளைத்துக் கொடுக்கும். ஒருநாள் பட்டனைத் தொடாமலே பிரஸ் இன்னொரு தரம் இறங்கியது. அவன் வலது கையில் கட்டைவிரல் ஒன்றுதான் மிச்சம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஹெச்.ஆர். எழிலரசன் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். மோசமான ஆள் இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார்.

"பிரபு, லைன்ல உன்னை நிக்க வைக்க முடியாது, உனக்கே தெரியும். குவாலிட்டி செக்ஷன்ல ரீடிங்கெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலை ஒண்ணு வரும்னு சொல்றாங்க. இடது கையாலயே தட்டலாம். ஆனா பிளஸ் டூ பாஸ் கேப்பாங்க. ஒரு சப்ஜெக்ட்தானே பாக்கி? எழுதிட்டு வா, பேசிப் பாக்கலாம்."

பேசிப் பார்க்கலாம் என்று அவர் சொன்னது, தருகிறேன் என்று அவன் காதில் விழுந்தது. அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் விழுந்திருக்கும்.

பென்னலூரில் பலராமனின் காம்பவுண்டில் அவன் அறை. ஒரு காலத்தில் நெல் விளைந்த இடத்தில் ஷீட் கூரை போட்டு வரிசையாக அறைகள் கட்டி கம்பெனிப் பையன்களுக்கு விட்டிருந்தார் பலராமன். வகுப்புத் தோழன் ஒருவன் பழைய கணக்குப் புத்தகங்களைப் பார்சலில் அனுப்பிவைத்தான். முதல் நாள் பிரபு இடது கையில் பேனாவைப் பிடித்து எழுதிப் பார்த்தான். ஒரு அணியின் மூன்று வரிசையை எழுதி முடிப்பதற்குள் வேர்த்துவிட்டது. எண்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. இந்த வேகத்தில் எழுதினால் கேள்வித்தாளில் பாதியைக்கூடத் தொட முடியாது.

சொல்வதைக் கேட்டு எழுத ஒரு ஆளைப் பரீட்சைக்காரர்களே தருவார்கள், கொஞ்சம் கூடுதல் நேரமும் கொடுப்பார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டான். டாக்டர் சர்டிபிகேட் வைத்து விண்ணப்பித்தான். அனுமதியும் வந்தது. நிபந்தனை ஒன்றுதான்: எழுதுகிற ஆள் கணக்கு படித்தவராக இருக்கக் கூடாது.

பலராமனின் மனைவி சசிரேகா இதைக் கேட்டதும், "அதுக்கு இன்னா தம்பி? பரீட்சை வர்ற வரைக்கும் பழகிக்க நான் எய்தறேன், நீ சொல்லிகினே போ. நானும் பத்தாவதோட நின்னவதான், எனக்கும் ஒண்ணும் தெரியாது. சரியாத்தான் கீது" என்றாள்.

பகல் ஷிப்டுக்குப் போனவர்கள் திரும்பியிருக்க மாட்டார்கள், மதியம் காம்பவுண்டே வெறிச்சென்றிருக்கும். தண்ணீர்த் தொட்டி நிழலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் பலராமன் வாயைத் திறந்து தூங்குவார். சசிரேகாவின் கையெழுத்து குண்டு குண்டாக, பார்க்கவே லட்சணமாக இருக்கும்.

"எழுதுங்கக்கா. இன்டகிரல், பூஜ்யத்துல இருந்து ஒண்ணு வரைக்கும், எக்ஸ் பை எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் ஒண்ணு, டி எக்ஸ்."

சசிரேகா பேனாவைத் தூக்கிக்கொண்டு அவனையே பார்த்தாள். "இன்டகிரல்னா எப்டி கீது, அத்த முதல்ல காட்டு."

புத்தகத்தில் காட்டினான்.

"அடப்பாவி, பாம்பு! பாம்புன்னு சொல்லு, போட்டுடறேன்."

பாம்பைப் போட்டாள். ஆனால் எக்ஸுக்குக் கீழே எக்ஸ் ஸ்கொயரை மட்டும் எழுதிவிட்டு, ப்ளஸ் ஒன்றைப் பக்கத்தில் தனியாக நிறுத்தியிருந்தாள். அது வேறு கணக்காகிவிட்டது. அவன் சொன்னதை வைத்துப் பார்த்தால் அவள் எழுதியதிலும் தப்பில்லை.

"அந்த ப்ளஸ் ஒண்ணும் கீழதாங்க்கா வரணும்."

"கீயன்னு நீ எங்க சொன்ன? மேல் வூடு, கீழ் வூடுன்னு பிரிச்சி சொல்லு. யாரு எந்த வூட்ல குடியிருக்காங்கன்னு எனக்குத் தெரியணும் இல்ல?"

அன்றிலிருந்து பின்னத்துக்கு மேல் வீடு, கீழ் வீடு என்றே ஆயிற்று. வர்க்கமூலத்துக்குக் கூரை. கூரை எதுவரைக்கும் நீள வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிக்மா மடக்கு நாற்காலி, தீட்டா கோடு போட்ட முட்டை. பாம்பின் தலையில் ஒன்று, வாலில் பூஜ்யம் என்றால் அவள் கண்ணிமைப்பதற்குள் எழுதிவிடுவாள்.

குறியெல்லாம் வசப்பட்டாலும் இன்னொரு தொல்லை இருந்தது. முதல் வரியைச் சொல்லி, அவள் எழுதி முடிக்கக் காத்திருக்கும்போது அவனுக்கு அடுத்த வரி மறந்துவிடும். பள்ளிக்கூடத்தில் அவன் யோசித்துவிட்டு எழுதியதில்லை. எழுத எழுதத்தான் அடுத்தது வரும். தாளில் ஓடுகிற கைக்குப் பின்னாலேயே மனசும் ஓடும். இப்போது கை மடியில் கிடந்தது, மனசு ஓடாமல் நின்றது. கட்டைவிரல் மட்டும், பேனா இருப்பதாக நினைத்துக்கொண்டு, அதுபாட்டுக்கு லேசாக அசைந்துகொண்டிருக்கும். சசிரேகா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, "ம், அப்பால?" என்பாள்.

வாரங்கள் போகப் போக வாய் கொஞ்சம் பழகியது. அணிக்கோவை பழகியது, வகைக்கெழு பழகியது. ஒருநாள் நிகழ்தகவில் ஒரு கணக்கு வந்தது. ஒரு ஆலையில் செய்கிற பொருட்களில் பத்துக்கு ஒன்று பழுது. ஐந்தை எடுத்துப் பார்த்தால் ஒன்றுகூடப் பழுதில்லாமல் இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கேள்வி. எழுதிக்கொண்டே வந்த சசிரேகா நிறுத்தினாள்.

"தம்பி, கேக்கறனேன்னு நெனச்சிக்காத. அந்த மிஷினு கையைப் புடிக்கறதுக்கும் இந்த மாரி கணக்கு கீதா?"

"போடலாங்க்கா. ஒவ்வொரு அடியும் தனித்தனி. இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே, அதனால இன்னைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு நாம நெனைப்போம். மிஷினுக்கு நேத்து நடந்தது ஞாபகம் இருக்காதுல்லா."

"அப்போ பயந்துகினே நிக்க வேண்டியதுதானா?"

"பயந்தாலும் அதே கணக்குதாங்க்கா."

பலராமன் தூக்கத்தில் புரண்டு படுத்தார். சசிரேகா விடையை எழுதி அடியில் கோடு போட்டாள்.

பரீட்சைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அவளே வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போய், அவன் ஹால் டிக்கெட்டை சன்னிதியில் வைத்து வாங்கிக்கொண்டு வந்தாள். திருநீறு ஒட்டியிருந்த அதை அவன் துடைக்காமலே எடுத்துக்கொண்டு போனான்.

பரீட்சை நடந்த பள்ளிக்கூடத்தில் அவனுக்குத் தனி அறை. எழுத வந்தவர் ஜெபகுமார் என்கிற தமிழாசிரியர். வயதானவர், சாந்தமான முகம்.

"தம்பி, பதறாதீங்க. எனக்குக் கணக்கு சுத்தமாத் தெரியாது. ஆனா நீங்க சொல்றத ஒரு எழுத்து விடாம அப்படியே எழுதுவேன்" என்றார்.

முதல் கேள்வி அணி. வரிசை வரிசையாக எண்ணைச் சொன்னால் போதும் என்பதால் அது ஒழுங்காக முடிந்தது. பிரபுவுக்குத் தெம்பு வந்தது. அடுத்தது தொகையிடல். கேள்வியைப் பார்த்ததுமே விடை எப்படி வரும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஐயா, பாம்பு போட்டு, தலையில..." என்று ஆரம்பித்தான்.

ஜெபகுமார் நிமிர்ந்து பார்த்தார். "பாம்பா?"

"இல்ல ஐயா, தொகையீட்டுக் குறி."

"எழுதிட்டேன்."

எட்டிப் பார்த்தான். 'தொகையீட்டுக் குறி' என்று அச்சடித்த மாதிரி அழகாக எழுதியிருந்தார்.

"அது ஒரு அடையாளம் ஐயா. நீளமா, வளைஞ்சு, இப்படி..." கட்டைவிரல் மட்டும் மிஞ்சிய கையாலேயே காற்றில் போட்டுக் காட்டினான். வாசலோரம் உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளர் அம்மாள் எழுந்து வந்துவிட்டார். "சைகை காட்டக் கூடாதுப்பா. வாயால மட்டும் சொல்லு. ரூல்ஸ் அப்படி."

வாயால் சொன்னான். கேள்வித்தாளில் இருக்கிற குறியைப் பார்த்து அப்படியே வரையச் சொன்னான். பெரியவர் நிதானமாக வரைந்தார். அதற்கே நேரம் போயிற்று. அடுத்த வரியில் அவனையறியாமல், "கோடு போட்டு, மேல் வீட்டுல எக்ஸ்" என்று வந்துவிட்டது. ஜெபகுமார் ஒரு எழுத்து விடாமல் அப்படியே எழுதினார். அடிக்கச் சொன்னான், அடித்தார். சரியாக எப்படிச் சொல்வது என்று யோசித்துச் சொல்வதற்குள் அடுத்த வரி போய்விட்டது. திரும்ப முதலிலிருந்து. கூடுதல் நேரமும் தீர்ந்துபோனது. பெரியவர் பேனாவை மூடும்போது, "மன்னிச்சுக்கங்க தம்பி, நான் உங்களுக்கு உதவல போல" என்றார். அவர்மேல் கோபப்பட அவனுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி நிழலில் அத்தனை மதியமும் அவன் பழகியது கணக்கு சொல்வதற்கு அல்ல, சசிரேகாவிடம் கணக்கு சொல்வதற்கு. வேறு யாருக்கும் புரியாத பாஷை அது.

அன்று மாலை வாசலிலேயே காத்திருந்தாள் சசிரேகா. "இன்னா தம்பி, எப்டி எய்தன?"

"கஷ்டமா வந்துச்சுக்கா" என்று மட்டும் சொன்னான். நடந்ததைச் சொன்னால் அவள் தாங்கமாட்டாள்.

ரிசல்ட் வந்த அன்று போனில் பார்த்தான். ஒரு கேள்வி சரியாகப் போயிருந்தால் தேறியிருப்பான். சசிரேகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்கையி ராசியில்லாத கையிப்பா" என்றாள்.

"நீங்க எழுதினதெல்லாம் சரிதாங்க்கா. எனக்குத்தான் சொல்லத் தெரியல."

அது உண்மைதான். ஆனால் ஏதோ கணக்கை மறந்துவிட்டான்போல என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். அவனும் அப்படியே விட்டுவிட்டான்.

துணைத்தேர்வு இருக்கிறது, அதில் பாஸ் செய்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் எழிலரசனிடம் போனான். அவர் இந்த முறையும் டீ வரவழைத்தார்.

"நீ பாஸ் பண்ணியிருந்தாலும் கஷ்டம்தான் பிரபு. அந்த ரீடிங்கெல்லாம் இப்போ மிஷின்லேர்ந்து நேரா ஏறிடுது. ஆளே போடல. நான் முன்னாடியே சொல்லியிருக்கணும், எனக்கே போன மாசம்தான் தெரியும்."

வெளியே வந்து கேட்டருகே நின்றான். ஷிப்டு மாறுகிற நேரம். ஒவ்வொரு பஸ்ஸாக வந்து ஆளை இறக்கிவிட்டு ஆளை ஏற்றிக்கொண்டு போனது. எந்த பஸ்ஸிலும் ஏற அவனுக்கு இனி உரிமையில்லை. பென்னலூர் வரை ஷேர் ஆட்டோவில் வந்தான்.

அதற்குள் சசிரேகாவுக்கும் செல்போன் கம்பெனி ஒன்றின் கேண்டீனில் வேலை கிடைத்திருந்தது. விடிவதற்கு முன்னால் போய் விளக்கு வைத்தபிறகு வருவாள். மதியங்களில் தொட்டியடியில் யாரும் இல்லை. பிரபு சுவரைப் பார்த்து உட்கார்ந்து கணக்கைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தான். எதிரில் எழுத ஆளில்லாததால், தான் சொன்னது சரியா தப்பா என்று தெரியவில்லை. ஒரு வாரத்தில் விட்டுவிட்டான்.

ஆனாலும் துணைத்தேர்வுக்குப் போனான், ஆள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு. இடது கையாலேயே எழுதினான். ஒவ்வொரு எண்ணாக, எறும்பு ஊர்கிற மாதிரி. மணி அடித்தபோது பாதித்தாள்கூட ஆகவில்லை. தொடாமல் விட்ட கேள்விகளில் பலவற்றுக்கு அவனுக்கு விடை தெரியும். விடைத்தாளை வாங்கிக்கொண்டு போகும்வரை அவற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரிசல்ட்டை அவன் பார்க்கவில்லை. கோவிந்தம்மா போன் செய்து, "என்னல ஆச்சு?" என்று கேட்டபோது, "அடுத்த மார்ச்சுல பாத்துக்கிடலாம்மா" என்றான். "ஊருக்கு வந்துருதியா?" என்றாள்.

இப்போது ஒரகடம் ரோட்டோரம் டிரெய்லர் லாரிகள் நிறுத்துகிற யார்டில் கேட்டுக்குப் பக்கத்தில் அவனுக்கு ஒரு தகரக் கொட்டகை. உள்ளே வருகிற லாரி நம்பரை எழுத வேண்டும், வெளியே போகிற லாரி நம்பரை எழுத வேண்டும். வந்தபடியே இருக்கும், எழுதியபடியே இருப்பான். ஒரு வருஷத்தில் இடது கை நன்றாகப் பழகிவிட்டது. டிரைவர் வண்டியை நிறுத்துவதற்குள் நம்பரை எழுதி முடித்துவிடுகிற வேகம்.

போன பொங்கலுக்கு லாரிகள் ஓடாத ஒரு மதியம், சும்மா இருந்த தாளில் ஒரு தொகையிடல் கணக்கை எழுதிப் பார்த்தான். எக்ஸ் பை எக்ஸ் ஸ்கொயர் ப்ளஸ் ஒன்று. முதல் வரி வந்தது. எதையோ யு என்று வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுவரை ஞாபகம் இருந்தது. பேனா தாளின்மேல் தயாராக நின்றது, கை கொஞ்சமும் நடுங்கவில்லை. எதை யு என்று வைப்பது என்பது மட்டும் வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தான். வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. ராஜஸ்தான் வண்டி ஒன்று வந்து நின்றிருந்தது. அந்தத் தாளிலேயே, கணக்குக்குக் கீழே, அதன் நம்பரை எழுதிக்கொண்டு கேட்டைத் திறந்துவிட்டான்.