சித்தப்பாவாகப் பேசிய நாள்

சமாதானம் படிக்க வெளிநாடு போகிறேன் என்றதும் அம்மா சிரித்துவிட்டாள். "அதுக்கு இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் போவணும்? நம்ம வூட்டுச் சண்டையே தீராம கெடக்குது" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் கழனிக்குப் போகும் வண்டிப்பாதை சித்தப்பாவின் நிலத்துக்குள் போனது. அவர் அப்பாவுக்குப் பங்காளி. ஒரு மழைக்காலம் முடிந்ததும் பாதையை உழுது கரும்பு நட்டுவிட்டார். அப்பா கள்ளக்குறிச்சி கோர்ட்டில் வழக்குப் போட்டார். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அறுவடை மிஷினை ஏரிக்கரை வழியாகச் சுற்றிக் கொண்டுவந்தோம்.

நான் அப்போது கரியாலூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தேன். மலைக் கிராமங்களில் தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் வரும் தகராறுகளில் இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசுவது எங்கள் வேலை. அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்த பெண்மணிதான் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி விடாமல் துரத்தினார். கிடைத்தது.

வகுப்பில் பல நாட்டுக்காரர்கள் இருந்தார்கள். போரில் ஊரை விட்டு ஓடிவந்தவர்களும் உண்டு. ஒருநாள், சொந்தச் சண்டை ஒன்றை எடுத்துக்கொண்டு எதிராளியாகப் பேச வேண்டும் என்றார் பேராசிரியர். வீடே இல்லாமல் போனவர்கள் முன்னால் வண்டிப்பாதையைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சித்தப்பாவாக உட்கார்ந்தேன். என் பக்கத்து அறைத் தோழி அப்பாவாக உட்கார்ந்தாள். அவளுடைய ஊர் அப்போதும் சண்டைக்குள்தான் இருந்தது.

முதலில் ஒப்புக்குத்தான் பேசினேன். பேசப் பேச, சித்தப்பா எப்போதோ அம்மாவிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. மழையில் எங்கள் டிராக்டர் போனபோது மண்ணுக்கடியில் இருந்த அவருடைய தண்ணீர்க் குழாய் உடைந்துபோனது. மழை விட்டபின் தண்ணீர் பாயாமல் கரும்பு காய்ந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. இதையெல்லாம் சித்தப்பாவாகச் சொன்னேன்.

தோழி அப்பாவாகப் பதிலுக்குச் சண்டை போட்டிருக்க வேண்டும். அவளோ, "அப்புறம் குழாயைச் சரிசெய்தார்களா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் போன் செய்து அதையே கேட்டேன்.

"அது இன்னா, இப்ப திடீர்னு?" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கி, "தெரியலம்மா" என்றார்.

படிப்பு முடிந்து வந்த மறுவாரம், நான் எதுவும் சொல்லாமலே அப்பா, "வா, அவன் வூட்டுக்குப் போய்ட்டு வரலாம்" என்று வண்டியை எடுத்தார். சித்தப்பா எங்களைப் பார்த்துத் திகைத்து நின்றார். அப்பா குழாயைப் பற்றிக் கேட்டார். சித்தப்பா கழனிக்கு அழைத்துப்போய் ஒட்டுப்போட்ட இடத்தைக் காட்டினார். அத்தனை வருஷத்துக் கோபத்தையும் கொட்டித் தீர்த்தார். அப்பா குறுக்கே பேசவில்லை. கடைசியில் சித்தப்பா, "கரும்பு வெட்டினதும் ஓரமா பாதை வுட்டுடறேண்ணே. மழையில மட்டும் டிராக்டர் வேணாம்" என்றார்.

வழக்கு உடனே முடிந்துவிடவில்லை. வாய்தாவுக்கு இரண்டு பேரும் ஒரே வண்டியில் கள்ளக்குறிச்சி போய்வந்தார்கள். வக்கீல்தான் குழம்பிப்போனார். பிறகு சமரசம் எழுதிக் கொடுத்தார்கள்.

அடுத்த அறுவடைக்கு மிஷின் நேர்வழியில் வந்தது. வரப்பில் நின்றபடி தோழிக்கு வீடியோ காலில் காட்டினேன். அவளால் இன்னும் தன் ஊருக்குத் திரும்பப் போக முடியவில்லை. ஆனாலும் எங்கள் நெல்லைப் பார்த்துக் கைதட்டினாள். அவளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா போனை வாங்கி, அவளுக்குத் தமிழ் தெரியாது என்பதையும் மறந்து, "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டார்.