ருசி பார்க்காத சாறு

பச்சையாக எதையும் தின்று வளர்ந்தவள் இல்லை ஆரிபா. அவள் பிறந்த வீட்டில் வெங்காயம்கூட வதங்கித்தான் தட்டுக்கு வரும். அதனால் அவள் கணவர் குலாம் முகம்மது நெல்லிக்குப்பம் போய்த் திரும்பிய அன்று, "நாளையிலேர்ந்து எனக்குப் பச்சைக் காய்ச்சாறு புழிஞ்சு குடு" என்றதும் அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

சிதம்பரம் மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்களுக்குக் கோரைப்பாய்க் கடை. கடையின் பின்கட்டே வீடு. ஒரே மகளைப் பரங்கிப்பேட்டையில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. குலாம் முகம்மதுக்கு நாற்பத்தெட்டு வயதில் சர்க்கரை வியாதி. தினம் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்து மூன்று மாதமாகிறது. ஊசி என்றாலே மனிதருக்குப் பயம், இன்னும் ஒன்றுகூடப் போட்டுக்கொள்ளவில்லை. இந்த நேரத்தில்தான், நெல்லிக்குப்பம் கரும்பாலையில் குமாஸ்தாவாக இருக்கும் அவருடைய சிநேகிதர் தைரியராஜ், தனக்கும் இதே வியாதிதான், காய்ச்சாறு குடித்தே சமாளிக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"சக்கரை ஆலையில உக்காந்துக்கிட்டு சக்கரைக்கு வைத்தியம் சொல்றாராக்கும்" என்றாள் ஆரிபா.

"அவரு என்ன மூட்டையையா முழுங்குறாரு? ரிஜிஸ்டர்தானே எழுதுறாரு. நீ புழிஞ்சு குடு புள்ள, பாப்போம்."

முதல் நாள் வெள்ளைப் பூசணி. அம்மியில் வைத்து அரைத்தாள். பாதிச் சாறு தரையில் ஓடியது. மீதியைக் குடித்தவர் இருமி இருமிக் கண் கலங்கினார். இருபத்தைந்து வருஷமாக அரைத்த மிளகாய் அந்தக் கல்லுக்குள் ஊறிக் கிடந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கொழம்பு நல்லாருக்கு. சோறு எங்க?" என்றார் அவர்.

சாற்றுக்கென்று சின்னதாக ஒரு கல்லுரல் வாங்கினாள். அதன்பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. காரட்டை மெல்லிசாகச் சீவிவிட்டு இடித்தால் சாறு கூடுதலாக வரும். மல்துணியை முதலில் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொள்ளாவிட்டால் துணியே பாதியைக் குடித்துவிடும். பிழிந்ததை வைத்திருக்கக் கூடாது, நிறம் கறுத்து வாடை வந்துவிடும். வெள்ளரிக்காயோ சுரைக்காயோ, ஒரு துண்டு நறுக்கி நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் உரலில் போடுவாள். யாரும் சொல்லிக்கொடுத்த வழக்கம் இல்லை. பச்சையாகக் கொடுக்கிறோமே என்ற பயம்தான்.

அறுபத்தைந்தாம் வருஷத்துக் கடைசியில், மார்கழிப் பனியோடு நோன்பு வந்தது. நோயாளி என்பதால் குலாம் முகம்மதுக்கு நோன்பு இல்லை. சாயங்காலம் கடையிலிருந்து உள்ளே வந்து, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, திருட்டுத்தனம் செய்கிறவர்போலச் சாற்றைக் குடித்துவிட்டுப் போவார். ஆரிபாவுக்கு நோன்பு. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம், நோன்பு முறியாது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவள் மாமியார் இருந்த காலத்தில் அந்த வீட்டில் அப்படி ஒரு பேச்சே எடுக்க முடியாது. கஞ்சிக்கு உப்புகூடக் கைக்கணக்குதான். ஆகவே சாற்றையும் அவள் ருசி பார்க்காமலே கொடுத்தாள்.

பன்னிரண்டாம் நோன்பு அன்று காலை, கூடைக்காரி கொளஞ்சி நீளமாய், பளபளவென்று ஒரு சுரைக்காய் கொண்டுவந்தாள். பாதியை அடுத்த வீட்டுப் பாக்கியமேரிக்குக் கொடுத்துவிட்டு, மீதியை நாலரை மணிக்கு இடித்துப் பிழிந்தாள் ஆரிபா. ஒரு டம்ளர் நிறைய வந்தது. குலாம் முகம்மது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தார். முகம் ஒரு மாதிரி கோணியது. ஒன்றும் சொல்லாமல் கடைக்குப் போனார்.

கால்மணி நேரம்கூட ஆகவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். முற்றத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். நிற்கவே இல்லை. நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார். ஆரிபா முதுகைத் தடவினாள். முதுகு சில்லென்று நனைந்திருந்தது.

அந்த நேரத்தில் கையில் ஒரு கிண்ணத்தோடு பாக்கியமேரி உள்ளே வந்தாள்.

"ஏங்க்கா, என்ன சொரக்கா குடுத்தீங்க? கூட்டு வச்சேன், வாயில வைக்க முடியல. பேய்ச்சொரை மாதிரி கசக்குது. அப்படியே கீழ ஊத்திட்டேன். பச்சையா இருக்கிற துண்டையும் பாருங்களேன்."

ஆரிபா கிண்ணத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். நோன்பு என்ற நினைவு வந்தபோது கசப்பு தொண்டைவரை இறங்கியிருந்தது. நோன்பு திறக்கிற பாங்குக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நோன்பு போனது அப்போது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கடித்த ஒரு துண்டு நெஞ்சை அடைக்கிறது. அவர் ஒரு டம்ளர் குடித்திருக்கிறார்.

"மேரி, வண்டி கூப்பிடு. மச்சானுக்கு நான் வெஷத்தக் குடுத்துட்டேன்" என்றாள்.

குதிரைவண்டியில் அவர் தலை அவள் மடியில் கிடந்தது. உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு தடவை வாந்தி எடுக்கும்போதும் ரத்தம் வருகிறதா என்று பார்த்தாள். மூன்றாம் தடவை சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் பார்க்கவில்லை. முந்தானையில் முடிந்த சுரைத்துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரிக்கு அவர்களுக்கு முன்பே கொழுந்தன் முஹம்மது இஸ்மாயில் செய்தி கேட்டு சைக்கிளில் வந்திருந்தான். டாக்டர் நாடியைப் பிடித்தபடி, "என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார்.

"கடைத்தெருவுல போண்டா கீண்டா தின்னிருப்பாரு சார். ஊட்ல எல்லாரும் நோன்பு, அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது" என்றான் இஸ்மாயில்.

அப்படியே விட்டுவிடலாம். ஒரு கணம் ஆரிபா அதைத்தான் நினைத்தாள். அவருக்கு ஒன்று ஆகிவிட்டால், புருஷனுக்கு எதையோ இடித்துக் கொடுத்தாள் என்று ஊர் பேசும். போலீஸ் வரும். மகள் மாமியார் வீட்டில் எப்படித் தலைநிமிர்வாள்? ஆனால் சொல்லாவிட்டால் டாக்டர் போண்டாவுக்கல்லவா வைத்தியம் பார்ப்பார்.

"போண்டா இல்லீங்க. நான் குடுத்த சொரக்காச் சாறு" என்று முடிச்சை அவிழ்த்து நீட்டினாள். "கசப்புக் காய். நோன்புங்கிறதால ருசி பாக்கல."

இஸ்மாயில் அவளைத் திரும்பிப் பார்த்தான். டாக்டர் துண்டை நாக்கு நுனியில் தொட்டுவிட்டு உடனே துப்பினார்.

"எவ்வளவு குடிச்சார்?"

"ஒரு டம்ளர். முழுசா."

"சொன்னீங்களே, நல்லது" என்றார் டாக்டர். நல்லது என்றால் பிழைப்பார் என்று அர்த்தமா என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கையில் உப்புநீர் பாட்டில் ஏற்றினார்கள். நோன்பு திறக்கும் நேரம் போய்விட்டது. பாக்கியமேரி கொண்டுவந்த தண்ணீரை ஆரிபா கட்டிலடியில் வைத்துவிட்டாள். விடியும்வரை அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காலையில் அவர் கண் திறந்தார்.

"கசந்துச்சா மச்சான்?"

"வேப்பெண்ணெ மாதிரி."

"துப்பியிருக்கக் கூடாதா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மருந்துன்னா அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன்." தலைக்கு மேல் தொங்கிய பாட்டிலைப் பார்த்தார். "சொன்னா நீ பயந்துக்கிட்டு நிறுத்திடுவ. அப்புறம் ஊசிதானே."

அந்த ஊசியை நர்ஸ் அன்றே போட்டாள். அவர் ஆரிபாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தினம் ஊசி போடக் கம்பவுண்டர் பொன்னுரங்கம் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. காரட்டுச் சாறு கொஞ்சம் குடித்தால் தப்பில்லை, ஊசிக்குப் பதில் என்று மட்டும் நினைக்கக் கூடாது என்றார் டாக்டர்.

இரண்டு நாள் கழித்து அவரே சாறு கேட்டார். ஆரிபா மாட்டேன் என்றாள். மறுநாளும் கேட்டார். கடைசியில் பாக்கியமேரியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சீவிய காரட்டில் ஒரு பிடி கொடுத்தாள். பாக்கியமேரி மென்றாள். புருஷனும் பெண்டாட்டியும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"இப்பிடிப் பாத்தா எனக்கே தொண்டையில சிக்கிடும்" என்றாள் அவள். "இனிக்குது. குடிங்க மாமா."

பிழிந்த சாற்றிலும் ஒரு வாய் குடிக்கச் சொன்னாள் ஆரிபா. அதன்பிறகுதான் டம்ளர் அவர் கைக்குப் போனது. அவர் கடைக்குக் கிளம்பினார்.

"எங்கயும் போவாதீங்க. அரைமணி நேரம் இங்கயே இருங்க."

அவர் இருந்தார். அவள் எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையும் சுவர்க்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழமும் கஞ்சியும் பக்கத்திலேயே இருந்தன.

"நோன்பு தொற புள்ள" என்றார் குலாம் முகம்மது.

அவள் கை நீளவில்லை. அரைமணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.