பாலம் ஏறாத வண்டி

எங்கள் பக்கத்தில் மேடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. வயல், வாய்க்கால், மறுபடியும் வயல். மலையை நான் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். ஊர் எல்லையில் வீரசோழன் ஆற்றுப் பாலம் மட்டும் கொஞ்சம் முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அதில் ஏறுமா ஏறாதா என்பதுதான் நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் எங்கள் வீட்டின் ஒரே பேச்சு. ஏற வேண்டியது அப்பா தன் கையால் செய்த மூன்று சக்கர பேட்டரி வண்டி.

அப்பா கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பம்புசெட் மோட்டார் எரிந்துபோனால் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். கருகிய கம்பியைப் பிரித்துப்போட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்று எண்ணிச் சுற்றி, ஓடவிட்டுக் காட்டி அனுப்புவார். அவர் கட்டிய காயில் லேசில் எரியாது என்று நாலு ஊரில் பெயர் இருந்தது. அவர் சம்பாதித்ததும் அந்தப் பெயர் ஒன்றுதான். இருந்த கொஞ்சம் நிலத்தைப் பெரியப்பா பார்த்துக்கொண்டார். பெரியப்பா கல்யாணம் கட்டாதவர்; எங்களோடுதான் சாப்பாடு.

வண்டி செய்யக் காரணம் அம்மா. அதுவரை நாலு பேரும் ஒரே பைக்கில்தான் போவோம். தம்பி டேங்கின் மேல், நான் நடுவில், அம்மா பின்னால் ஒருக்களித்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போது வாய்க்கால் திருப்பத்தில் அம்மா சறுக்கி விழுந்தாள். விழுந்தது சேற்றில், அடி ஒன்றும் இல்லை. ஆனால் கட்டியிருந்தது கல்யாணப் புடவை. "இனிமே செத்தாலும் இதுல ஏற மாட்டேன்" என்று நடுரோட்டில் நின்று சொன்னவள், சொன்ன மாதிரியே ஏறவில்லை. தரங்கம்பாடியில் இருந்த சித்தி வீட்டுக்குப் போவதும் அதோடு நின்றுபோயிற்று.

அப்பா பழைய மூன்று சக்கர சைக்கிள் வண்டி ஒன்றின் சட்டத்தைக் கொண்டுவந்து போட்டார். எரிந்துபோன பேட்டரி ஸ்கூட்டரின் மோட்டாருக்குத் தானே காயில் கட்டினார். உடைத்த பஸ்ஸிலிருந்து ஒரு சீட் வந்தது. சீட்டுக்கு அடியில் தகரப் பெட்டி செய்து அதற்குள் நாலு பேட்டரிகளை அடுக்கினார். ஹாரன் மட்டும் எங்கிருந்து பிடித்தாரோ தெரியாது, அச்சு அசல் ஐஸ் வண்டிச் சத்தம். முதல் நாள் அடித்ததும் தெருப் பிள்ளைகள் காசோடு ஓடி வந்துவிட்டார்கள்.

பெரியப்பாவுக்கு மனசு பெரிது, நாக்கு நீளம். எப்போதும் நாக்குதான் முதலில் வந்து சேரும். "ஊர்ல மோட்டாரெல்லாம் எரிஞ்சு கெடக்கு, இவன் தேர் கட்டிக்கிட்டு இருக்கான்" என்று டீக்கடையில் உட்கார்ந்து சொன்னார். கடைசியில் பந்தயமே கட்டிவிட்டார். குடும்பத்தோடு பாலத்தில் ஏறிக் காட்ட வேண்டும். ஏறாவிட்டால் தேரைப் பழைய இரும்புக்கு எடைக்குப் போட்டுவிட வேண்டும். அப்பா சரி என்றார். ரைஸ்மில் தராசில் எங்களை நிற்க வைத்துப் பார்த்ததில் அம்மா, நான், தம்பி மூன்று பேரும் சேர்ந்தால் பெரியப்பா ஒருத்தருக்குச் சமம் என்று தெரிந்தது. அந்தச் சனிக்கிழமை பெரியப்பாவையே பின்னால் உட்கார வைத்து அப்பா பாலத்தில் விட்டார். வண்டி முக்கி முனகி ஏறிவிட்டது. பெரியப்பா இறங்கி, "நாளைக்குப் பாக்குறேன்டா" என்றார். ஆனாலும் அவர் முகத்தில் ஒரே சந்தோஷம்.

மறுநாள் விடியற்காலை, அப்பா குளிக்கப் போயிருந்தபோது, அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். மூலையில் வாயைக் கட்டிய ஒரு சாக்கு, பாதி மூட்டை அரிசி. எங்கள் கோயிலில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று எடுத்து வைப்பார்கள். அம்மா கோயில் டப்பாவில் ஒரு பிடி போட்ட கையோடு இன்னொரு பிடியும் எடுத்துச் சித்தி வீட்டுக்கென்று சேர்த்து வந்திருக்கிறாள். சித்தப்பா படகு தள்ளும்போது இடுப்பில் அடிபட்டுக் கடலுக்குப் போகாமல் ஏழெட்டு மாசமாகப் படுத்திருந்தார்.

"பெரியப்பாகிட்ட கேட்டா குடுக்க மாட்டாரா?" என்றேன்.

"குடுப்பாரு. நாலு வார்த்தையும் குடுப்பாரு." முன்பொரு தடவை சித்திக்கு முருங்கைக்காய் கொண்டுபோனபோது, பொறந்த வீட்டுக்கு மூட்டை மூட்டையாப் போவுதே என்று பெரியப்பா விளையாட்டாகச் சொன்னதை அம்மா மறக்கவே இல்லை. "இது யாரு சொத்தும் இல்லடி. என் சோத்துல பிடிச்சது" என்றாள். சாக்கைப் பெட்டிக்குள் பேட்டரி ஓரமாக வைத்து, மேலே பழைய துணியைப் போட்டு மூடினாள். பிறகு என்னை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தி, அப்பாவிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பூசை முடிந்து சித்தி வீட்டுக்குக் கிளம்பினோம். வயலெல்லாம் உளுந்து பூத்திருந்தது. அப்பா வெள்ளைச் சட்டை, அம்மா கறை போகாத அதே கல்யாணப் புடவை. தம்பி வழியெல்லாம் ஹாரன் அடித்தான். பாலத்தடி டீக்கடையில் ஊரே கூடியிருந்தது. பெரியப்பா தன் பைக்கில் பின்னாலேயே வந்தார்.

ஏற்றத்தில் பாதி தூரம் நன்றாகத்தான் போனோம். அப்புறம் மோட்டார் 'ம்ம்ம்' என்று இழுத்தது. நின்றது. மெதுவாகப் பின்னால் உருளத் தொடங்கியது. அப்பா பிரேக்கைப் பிடித்தார். டீக்கடையில் ஒரே சிரிப்பு. "பின்னாடி வெயிட்டு ஜாஸ்தி போல!" என்று யாரோ அம்மாவைப் பார்த்துச் சொன்னார்கள். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

பெரியப்பா சிரிக்கவில்லை. "நேத்து நான் உக்காந்தே ஏறிச்சேடா! பெட்டியத் தொறந்து பாரு, ஒயர் எதாச்சும் கழண்டிருக்கும்" என்று கிட்டே வந்தார்.

அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது. நாங்கள் இறங்கினோம். அப்பா சீட்டைத் தூக்கினார், மூடியைத் திறந்தார், குனிந்து பார்த்தார். கையை உள்ளே விட்டு எதையோ தடவினார். பெரியப்பா எட்டிப் பார்க்க வருவதற்குள் மூடியைச் சாத்திவிட்டார்.

"ஒயரெல்லாம் சரியாத்தான் இருக்குண்ணே. காயில்தான். நான் சரியாக் கட்டல" என்றார்.

கடையில் சிரிப்பு ஒரு நொடி நின்று, முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பியது. "அடப்பாவி, எங்க மோட்டாருக்கும் இப்படித்தான் கட்டிக் குடுத்தியா?" என்று ஒருவர் கத்தினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு வாரம் டயம் குடுங்கண்ணே. அப்பவும் ஏறலன்னா நானே எடைக்குப் போட்டுடுறேன்" என்றார்.

எனக்கு அம்மா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. கண்ணெதிரே சாக்கு இருந்தும் தெரியாத அப்பா மேல் அதைவிடக் கோபம். பேட்டரியைப் பார்த்தவர் துணியை விலக்கிப் பார்த்திருக்கக் கூடாதா? சத்தியம் மட்டும் செய்திருக்காவிட்டால் அந்த இடத்திலேயே உடைத்திருப்பேன். பெரியப்பாவும் இரண்டு பேரும் தள்ள, வண்டி பாலத்தைத் தாண்டியது.

சித்தி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அப்பா தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டார். "நாங்க கடலைப் பாத்துட்டு வர்றோம். வர ஒரு மணி நேரம் ஆவும்" என்று வீட்டுக்குள் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லிவிட்டு நடந்தார். அவமானத்தில் யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் போகிறார் என்று நினைத்தேன். நானும் அம்மாவும் சாக்கை இறக்கினோம். சித்தி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் நான் அழுதது அப்பாவுக்காக.

சாயங்காலம் திரும்பும்போது வண்டி யாரும் தொடாமலே பாலத்தில் ஏறி இறங்கியது. டீக்கடையில் அப்போது பெரியப்பா மட்டும் இருந்தார். எங்களையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்கூட ஒன்றும் கேட்கவில்லை. ஊர் கேட்டது. அதற்கப்புறம் பல மாசம் கடைக்கு வந்தவர்கள் சிரித்துக்கொண்டே, "சுத்து சரியா இருக்குல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் மோட்டாரை எடுத்துப் போனார்கள். இரண்டு பேர் வேறு கடைக்கே போய்விட்டார்கள்.

அந்த வாரம் முழுக்க அப்பா ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் வண்டியோடு உட்கார்ந்தார். நான் டார்ச் பிடித்தேன். காயிலைத் தொடவே இல்லை. பின்சக்கரத்தின் பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதாக ஒன்றை மாட்டினார்.

"இது எதுக்குப்பா?"

"வேகம் கொறையும், இழுவை கூடும். இன்னும் ஒரு இருவது கிலோ சேத்து இழுக்கணும்ல."

"யாரு அந்த இருவது கிலோ?"

அப்பா அடுப்படிப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, "தம்பி வளர்றான்ல" என்றார்.

தம்பி பக்கத்தில்தான் பாயில் கிடந்தான். ஐந்து வயசு, விலா எலும்பை எண்ணிவிடலாம். அவனை மேலும் கீழும் பார்த்தேன். இவன் எந்தக் காலத்தில் இருபது கிலோ கூடப் போகிறான்? கண்ணெதிரே இருந்த சாக்கும் தெரியவில்லை, எடையும் போடத் தெரியவில்லையே என்று அப்பாவை நினைக்க எனக்குப் பாவமாக இருந்தது.