நிற்காத இடது கை

முப்பது வருடமாக நான் பக்கவாத்தியக்காரன். வாரநாட்களில் இங்கே பிரெஞ்சு நாட்டில், ரூ லூயி-பிளாங்க் தெருவில் ஓர் உணவகத்தில் சமையல். சனி, ஞாயிறுகளில் அரங்கேற்றங்களுக்கு மிருதங்கம். நோட்டீஸில் என் பெயர் கடைசி வரியில் வரும். சில தடவை வராமலும் போகும். அந்தக் கடுப்பு எனக்கு உண்டு, மறைக்கமாட்டேன். மகளாவது மேடையின் நடுவில் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அவளோ இசைப்பள்ளியில் பியானோவை விட்டுவிட்டு கிளாவ்சனுக்கு மாறினாள். பார்வைக்கு அதுவும் ஒல்லியான பியானோ மாதிரித்தான். ஆனால் உள்ளே சுத்தியல் இல்லை. கட்டையை அழுத்தினால் ஒரு சின்ன முள் கம்பியை மீட்டும். தடவினாலும் குத்தினாலும் ஏறக்குறைய ஒரே சத்தம். முந்நூறு, நானூறு வருடத்துக்கு முந்தைய பரோக் இசைக்கு இதுதான் வாத்தியம் என்றாள். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆண்டிறுதிக் கச்சேரியில் வயலினுக்கும் பாட்டுக்கும் பின்னால் இருந்து வாசிக்கப்போகிறாள் என்று தெரிந்ததும்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் ஆட்கள் செய்வதைத்தான் செய்தேன். தட்டில் பழம், வெற்றிலை, ஒரு பெட்டி லட்டு வைத்துக்கொண்டு, குழுவை நடத்தும் வயலின் ஆசிரியையிடம் போனேன். மகள் கிளாவ்சன் முன்னால் இருந்தாள். தட்டைக் கண்டதும் அவள் முகம் மாறியது. "பிள்ளைக்குத் தனியாக வாசிக்க ஒன்று கொடுங்கள்" என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன்.

ஆசிரியை சிரிக்காமல் தட்டை வாங்கிக்கொண்டார். மகளின் முன்னால் இருந்த தாளைக் காட்டினார். இடது கைக்கு ஒரு வரி சுரம். பக்கத்தில் ஆறு, ஏழு என்று சில எண்கள். வலது கைக்கு ஒன்றுமே இல்லை. அந்த எண்களைப் பார்த்து அந்த நிமிடத்திலேயே வலது கைச் சுரங்களை அவளே இட்டு நிரப்பவேண்டுமாம். பரோக்கில் மேலே ஒரு குரல் அலங்காரம் செய்துகொண்டு போகும், கீழே இந்த வரி ஓயாமல் நடக்கும், அதற்குப் பெயரே 'தொடர்ந்து செல்லும் அடிக்குரல்' என்றார். பிறகு வயலினை எடுத்து மகளோடு சேர்ந்து வாசித்தார். பாதியில் கையைக் காட்டி அவளை நிறுத்தச் சொன்னார். வயலின் மட்டும் அந்தரத்தில் தொங்கியது.

எனக்கா இதைச் சொல்லித்தர வேண்டும்? மிருதங்கம் நின்றால் ஆடுகிற பிள்ளையின் கால் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியாதா? வெட்கமாக இருந்தது.

மெத்ரோ ரயிலில் மகள் என்னைவிட்டு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்தாள். லா ஷப்பேலில் இறங்கியதும் பிரெஞ்சில் சொன்னாள்: "நான் இருக்கும் இடத்தில் என்னைக் கேட்பதென்றால் வாருங்கள். இல்லாவிட்டால் வரவே வேண்டாம்."

இதற்குள் பொண்டி புறநகரில் இருக்கும் என் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு, பிள்ளை தனியாக வாசிக்கிறாள் என்று அளந்துவிட்டிருந்தேன். திருத்திச் சொல்ல மனம் வரவில்லை. மனிதர் கோட்டும் சூட்டுமாக, பையில் பொன்னாடையோடு வந்துவிட்டார்.

கச்சேரி ஒரு பழைய தேவாலயத்தில். ஒரு துண்டு துக்கம் என்றால் தொடக்கத்திலிருந்து முடிவு வரை துக்கம். அடுத்த துண்டு ஆட்டம் என்றால் முழுக்க ஆட்டம். ஒன்றுக்குள் ஒன்றைக் கலப்பது குறைவு. எல்லோரும் சேர்ந்து முழங்குவார்கள், சட்டென்று இரண்டு பேர் மட்டும் மெல்லத் தொடர்வார்கள். பாடிய பெண் முதல் பகுதிக்குத் திரும்பி வந்தபோது அதே வரியில் புதுப்புது நெளிவுகள் போட்டாள்; எங்கள் சங்கதிகள் ஞாபகம் வந்தன. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது மகளின் இடது கையை. பாட்டுக்காரி மூச்சு வாங்க ஓர் இமைப்பொழுது தாமதித்தபோது அந்தக் கையும் தாமதித்தது. அது எல்லோருக்கும் வராது. பெருமையில் என் விரல்கள் தொடையில் தாளம் போட்டன.

அண்ணன் முழங்கையால் இடித்தார். "தம்பி, பிள்ளையின்ர முறை எப்ப? நான் எழும்பிப் போய்ப் பொன்னாடை போத்தோணுமெல்லே?"

"அண்ணை, அவள் துவக்கத்திலையிருந்து வாசிச்சுக்கொண்டுதானே இருக்கிறாள்!"

என்னைப் பற்றி ஒருவரும் சொல்லாத வார்த்தை அது. அதனால்தானோ என்னவோ, சத்தமாக வந்துவிட்டது. கல் சுவரில் பட்டு எதிரொலித்தது. சபை முழுக்கத் திரும்பி என்னை முறைத்தது. மகள் மட்டும் திரும்பவில்லை. அவளுடைய இடது கை போய்க்கொண்டே இருந்தது.